கிடைக்காத வரம்

கடவுளிடம் எதையுமே கேட்காதவர்கள் உலகத்தில் இரண்டு வகைதான். ஒருவர் பூரண ஞானி. மற்றவர் பூரண நாஸ்திகர். இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் இருக்கிற நாம் எல்லோரும் கேட்கிற ஜாதி. பையன் பரீட்சையில் தேற வேண்டும், பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், வழக்கு நம் பக்கம் தீர வேண்டும், மூட்டு வலி குறைய வேண்டும். கேட்பதற்கு விஷயமா இல்லை? எங்கள் திருச்செங்கோட்டிலோ, கேட்பது தொழிலோடு சேர்ந்தே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. இங்கிருந்து புறப்படுகிற வண்டிகள் வடநாடு வரைக்கும் போய் மண்ணைத் துளைக்கின்றன. புறப்படுமுன் சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அனுப்புவார்கள். போன இடத்தில் எண்ணூறு அடி இறக்கியும் வெறும் புழுதியே பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் கூலி உண்டு. தோட்டக்காரருக்குத்தான் ஒன்றுமில்லை. "நம்ம நேரம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். கேட்பது ஒரு பக்கம். கேட்டும் கிடைக்காமல் போவது மறுபக்கம். அந்த மறுபக்கத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதுவும் என் மதத்தை வைத்து அல்ல. எதிர்வீட்டு மதத்தை வைத்து.

முதலில் என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலை கேட்பவர்களுக்காகவே ஏற்பட்டதுபோல இருக்கும். அடிவாரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு படிகளுக்கு மேல். வழியில் நாகர் பள்ளம். பாறையிலேயே அறுபதடி நீளத்துக்குச் செதுக்கிய ஐந்து தலை நாகத்தின்மேல் குங்குமத்தைக் கொட்டிக் கும்பிடுவார்கள். அறுபதாம் படி என்கிற சத்தியப் படி இருக்கிறது. வேறெங்கும் தீராத வழக்கை அங்கே நின்று சத்தியம் செய்து தீர்த்துக்கொண்டார்கள் அந்தக் காலத்து ஜனங்கள். மேலே, அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாக நிற்கிற அர்த்தநாரீசுவரர் சன்னிதி. அதற்கும் மேலே, உச்சியில், வறடிக்கல். பிள்ளை இல்லாத பெண்கள் அந்தப் பாறையைச் சுற்றி வந்தால் மடி நிறையும் என்பது நம்பிக்கை.

என் தாயாருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. அவள் அந்தக் கல்லைச் சுற்றினாள். பத்தாவது வருஷம் நான் பிறந்தேன். மலைமேல் இருப்பவரின் பெயரையே எனக்கு வைத்து, மொட்டையடித்து, எடைக்கு எடை வெல்லம் கொடுத்து நேர்த்திக்கடனைத் தீர்த்தார்கள். ஆகவே நான் சாதாரண மனுஷன் அல்ல. நிறைவேறிய ஒரு பிரார்த்தனை. சின்ன வயதில் ஏதாவது விஷமம் செய்தால், "இதுக்காடா அந்தக் கல்லைச் சுத்துனேன்?" என்பாள் அம்மா. கேட்டுப் பெற்ற வரத்துக்கு இப்படி ஒரு சௌகரியம் உண்டு. கொடுத்தவரிடமே திருப்பிப் புகார் செய்யலாம்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு டீச்சர் குடியிருந்தார்கள். சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனிதர். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. அம்மாவுக்கு நான் பிறந்த பிறகு தெருப் பெண்களெல்லாம் சேர்ந்து டீச்சரை வற்புறுத்தினார்களாம். அம்மாவே நேரில் போய், "நீங்க உங்க சாமியவே நெனச்சுக்கிட்டுச் சுத்துங்க டீச்சர். நான் கையப் புடிச்சுக்கிறேன்" என்று கூப்பிட்டாளாம். டீச்சர் சிரித்துவிட்டு, "வேண்டாங்க. நாங்க கேக்கற இடத்துலயே கேட்டுக்கறோம்" என்றார்களாம். அதற்குமேல் அந்தப் பேச்சை அம்மா எடுக்கவில்லை.

அவர்கள் கேட்கிற இடத்தில் கிடைக்கவில்லை. பதினேழு வருஷம் கேட்டார்கள்.

ஒரு தெருவின் இந்தப் பக்கத்தில் கேட்டுக் கிடைத்த வீடு. அந்தப் பக்கத்தில் கேட்டும் கிடைக்காத வீடு. நான் வளர்ந்ததெல்லாம் பாதி அந்தப் பக்கத்து வீட்டில்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அங்கேதான். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு என் படிப்பு நின்றபோது, "படிக்கிறதுக்குக் காலேஜ் எதுக்கு?" என்று தம் அலமாரியைத் திறந்துவிட்டவர்களும் டீச்சர்தான். ஆகவே, ஆசை என்றால் என்ன, ஏமாற்றம் என்றால் என்ன, அந்த இரண்டையும் கிறிஸ்தவர்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்பது எனக்குப் புஸ்தகத்தில் கற்ற விஷயம் அல்ல, திண்ணையில் கற்றது.

ஆசையைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே பாடம். துன்பத்துக்கு வேர் ஆசை. வேரை அறுத்தால் மரம் விழும். புத்தர் சொன்னார், சித்தர்களும் சொன்னார்கள். கிறிஸ்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் வார்த்தையை மாற்றிச் சொல்வார்கள் என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். தமிழ் வேதாகமத்தைப் புரட்டியபோதுதான் வேறு விஷயம் தெரிந்தது. அங்கே மூன்று சொற்கள் இருக்கின்றன. பிறத்தியார் வீட்டின் மேலும் மனைவியின் மேலும் வைக்கிற ஆசைக்குப் பத்துக் கட்டளைகளில் 'இச்சை' என்று பெயர்; அது கூடாது. மான் நீரோடையைத் தேடித் தவிப்பதுபோல ஆத்துமா தேடுகிறது என்று சங்கீதக்காரர் பாடும் இடத்தில் அதே தவிப்புக்கு 'வாஞ்சை' என்று பெயர், அது கூடும். கூடும் என்ன, வேண்டும். மூன்றாவது சொல் 'சித்தம்'. அது கடவுளுடையது. ஏசுநாதர் சீடர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஜபத்தில் அவருடைய சித்தமே நடக்கட்டும் என்று வருகிறது.

ஆக, அவர்களுடைய மதத்தில் ஆசையை அறுக்கச் சொல்லவில்லை. ஆசையைக் கொண்டுபோய்ச் சித்தத்துக்கு முன்னால் வைக்கச் சொல்கிறது. வைத்துவிட்டால் நிம்மதியா? அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. ஆசையை ஒழித்துவிட்டவனுக்கு ஏமாற்றம் இல்லை. விதி என்று நம்புகிறவனுக்குக் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. கேட்கிற காது ஒன்று இருக்கிறது, அது அன்புள்ள தகப்பனின் காது என்று நம்புகிறவனுக்கோ, கிடைக்காமல் போனால் இரட்டை வேதனை. பொருளும் கிடைக்கவில்லை, தகப்பன் ஏன் தரவில்லை என்பதும் தெரியவில்லை.

இதை எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. கத்தோலிக்கர்களுக்கு வேளாங்கண்ணி இருக்கிறது. அங்கே மொட்டை உண்டு, காணிக்கை உண்டு, குணமான கைக்கும் காலுக்கும் வெள்ளியில் உரு செய்து வைப்பதும் உண்டு. எங்கள் மலைக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. கிடைக்காதவர்கள் தங்கள் துன்பத்தைச் சிலுவையில் பட்ட பாட்டோடு சேர்த்து ஒப்புக்கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். சில ஜபக்கூடங்களிலோ, வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு விசுவாசத்தோடு உரிமையாய்க் கேள், வந்தே தீரும் என்கிறார்கள். அப்படியும் வரவில்லை என்றால் குறை விசுவாசத்தில்தான். டீச்சரின் உறவினர் ஒருவர் அப்படிப்பட்ட கூடத்தைச் சேர்ந்தவர். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் போகமாட்டார். அவர் போன பிறகு டீச்சர் காப்பித் தம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

டீச்சர் போன சபை தென்னிந்தியத் திருச்சபை. அங்கே புது வருஷம் பிறக்கிற இரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். சின்ன அட்டை, அதில் ஒரு வசனம். அந்த வருஷம் முழுவதும் அதுதான் அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. டீச்சருக்கு முப்பத்தெட்டு வயதாயிருந்தபோது கைக்கு வந்த அட்டையில் நூற்றுப் பதின்மூன்றாம் சங்கீதத்தின் கடைசி வசனம் இருந்தது. பிள்ளையில்லாதவளைப் பிள்ளைகளின் தாயாக்கி மகிழ்விக்கிறவர் அவர் என்பது அதன் கருத்து.

"எனக்குக் கை நடுங்கிப் போச்சு தம்பி" என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்கள். "பக்கத்துல இருந்த அம்மா பாத்துட்டு அழுதே போட்டாங்க. வீட்டுக்கு வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் பேசலே. பேசுனா உடைஞ்சு போயிருமோன்னு பயம்."

அந்த வருஷமும் போயிற்று. அடுத்ததும் போயிற்று. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அந்த அட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் அவர்களிடம் கேட்கலாம்.

"தூக்கிப் போடலே. நூத்திப் பதின்மூணுலிருந்து எடுத்து எண்பத்தெட்டுல வெச்சேன்."

எண்பத்தெட்டாம் சங்கீதத்தை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். நூற்றைம்பது சங்கீதங்களில் துக்கப் பாட்டுகள் எத்தனையோ உண்டு. அநேகமாக எல்லாமே முடிவில் ஒரு நம்பிக்கையில் போய் நிற்கும். இது மட்டும் நிற்பதில்லை. கூப்பிட்டேன், பதிலில்லை என்று தொடங்கி, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு பாட்டை வேதத்திலிருந்து நீக்காமல் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படி வைத்திருந்ததனால்தான் ஒரு டீச்சருக்குத் தன் அட்டையை வைக்க இடம் கிடைத்தது.

அன்னாள் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் வாய்விட்டு அழாமல் உதடு மட்டும் அசைய ஜபம் செய்கிறாள். குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனே நினைத்துவிடுகிறான். அவளுக்குச் சாமுவேல் பிறக்கிறான். இந்தக் கதை பிரசங்கத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சிலர் லேசாகத் திரும்பி டீச்சரைப் பார்ப்பார்களாம், ஆறுதலாகத்தான். "சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள், எலிசபெத்து, எல்லாருக்கும் கடைசியிலே பிறந்துருச்சு. எனக்குப் பொருந்தற மாதிரி ஒருத்தி அந்த வரிசையிலே இல்லே தம்பி. அதனால நான் பொம்பளைகளை விட்டுட்டு ஆம்பளைங்க பக்கம் தேடுனேன்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

தேடினால் அங்கே கிடைக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாற்பது வருஷம் ஜனங்களை நடத்திக்கொண்டு வந்த மோசே, வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேல் நின்று பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை. ஆலயம் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்ட தாவீதுக்கு அது கிட்டவில்லை, மகன் கட்டினான். பவுல் தன் உடம்பிலே தைத்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. எல்லோருக்கும் மேலாக, கெத்செமனே தோட்டத்தில் ஏசுநாதரே அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு விலகட்டும் என்று கேட்டார், விலகவில்லை. கேட்டுக் கிடைக்காதவர்களின் வரிசையில் தங்கள் தெய்வத்தையே நிறுத்தியிருக்கிறார்கள் கிறிஸ்தவர்கள். மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். கிடைக்கவில்லை என்பது கைவிடப்பட்டதற்கு அடையாளம் அல்ல, அன்பு குறைந்ததற்கு அளவுகோலும் அல்ல என்று அவர்கள் சொல்லும்போது, அந்தத் தோட்டத்தைக் கையால் காட்டித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் 'சித்தம்' என்கிற சொல்லுக்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு அது ரொம்பச் சௌகரியமான சொல். "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிவிட்டால் எதிரே இருப்பவரின் வாயும் அடைபடும். தம் வேலையும் முடியும். யோபுவின் மூன்று சிநேகிதர்கள் செய்த காரியமும் இதுதான். சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் கடவுளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசினார்கள். யோபுவோ கடவுளை வழக்குக்கு இழுத்தான். கதை முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது வக்கீல்களை. வழக்குப் போட்டவனை அல்ல. நமக்கும் இது புதிது இல்லை. கண் பார்வை போன சுந்தரர் தம்பிரானைத் தோழன் என்ற உரிமையில் ஊர் ஊராகப் போய் ஏசவில்லையா? காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் ஒரு கண் என்று பார்வை திரும்பியது. அவருக்குத் திரும்பியது, அதுதான் வித்தியாசம்.

நம் பெரிய புராணம் எங்கள் ஊரைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறது. சம்பந்தர் அடியார்களோடு கொங்கு நாட்டுக்கு வந்து, கொடிமாடச் செங்குன்றூர் என்ற எங்கள் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, எல்லோருக்கும் குளிர்காய்ச்சல் கண்டது. திருநீலகண்டப் பதிகம் பாடினார். காய்ச்சல் அடியார்களை விட்டதோடு அல்லாமல் நாட்டை விட்டே போயிற்று. இந்தக் கதையை நான் ஒருநாள் டீச்சரிடம் சொன்னபோது, பதிலாக அலமாரியிலிருந்து ஓர் ஆங்கிலப் புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். "இதுவும் நம்ம ஜில்லாக் காய்ச்சல்தான். படிச்சுப் பாரு."

அது டாரதி கிளார்க் வில்சன் என்ற அம்மாள் எழுதி 1976-ல் வெளிவந்த புஸ்தகம். ஈவ்லின் பிராண்டின் வாழ்க்கை. எங்கள் ஊருக்குக் கிழக்கே ராசிபுரம், சேந்தமங்கலம் தாண்டினால் கொல்லிமலை. இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. 1913-ல் ரஸ்தா கிடையாது. அந்த வருஷம் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலப் பாதிரியாரும், லண்டனில் சித்திரம் பயின்ற செல்வர் வீட்டுப் பெண்ணான ஈவ்லினும் கல்யாணம் செய்துகொண்டு மழையில் நனைந்தபடி மலை ஏறினார்கள். ஜெஸ்ஸி வீடு கட்டத் தெரிந்தவர். கொஞ்சம் வைத்தியமும் படித்தவர். மலைஜனங்களின் காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி எடுப்பார். பள்ளிக்கூடம், தச்சு வேலை, பட்டுப்பூச்சி வளர்ப்பு என்று பலதும் செய்தார். எந்தக் காரியத்துக்காக வந்தார்களோ அது மட்டும் நடக்கவில்லை. வருஷங்கள் போயும் ஒருவர்கூட அவர்கள் மதத்தில் சேரவில்லை. உலகம் முழுவதும் விஷக்காய்ச்சல் பரவிய 1918-க்குப் பிறகுதான், அவர்களை எதிர்த்து வந்த மலைப் பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தம் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைக்க, நிலைமை கொஞ்சம் மாறியது.

கொல்லிமலையோடு சுற்றியிருந்த மலைகளையும் சேர்த்து ஐந்து மலைகளுக்குப் போக வேண்டும் என்பது இருவரின் ஆசை. சுயநலமான இச்சை அல்ல. கடவுளுக்காகவே கொண்ட வாஞ்சை. 1929 ஜூன் மாதம் மலேரியா முற்றிய கடுங்காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். ஜபம் செய்யாமலா இருந்திருப்பார்கள்? சம்பந்தரின் காய்ச்சல் விட்டது; இந்தக் காய்ச்சல் விடவில்லை. அவர்களுடைய மகன் பால், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவன், தந்தி மூலம் செய்தி அறிந்தான். கப்பல் தபால் மெதுவாக வருவதல்லவா? தந்தி வந்த பிறகும் தகப்பனார் கையெழுத்தில் கடிதம் வந்து சேர்ந்தது.

ஈவ்லின் அம்மாள் திரும்பி வந்து சமவெளியில் வேலை செய்தார். எழுபது வயதை நெருங்கும்போது அவருடைய மிஷன், வயதாகிவிட்டது, இனிமேல் நியமனம் இல்லை என்று சொன்னது. அவரோ மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டு, தம் பொறுப்பிலேயே மலை ஏறிவிட்டார். குதிரைக்குட்டியின் மேலும், எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் மலைமலையாகப் போனார். கொல்லிமலைக்கு அப்பால் கல்வராயன் மலைக்கும் போனார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று. கணவர் இறந்தது ஒரு 'இல்லை'. மிஷன் சொன்னது இன்னொரு 'இல்லை'. முதலாவதை அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டார், இரண்டாவதை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டையுமே கடவுள் சித்தம் என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால், மூலையில் உட்கார்ந்து ஜபமாகவே வாழ்ந்து முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். எது கடவுளின் மறுப்பு, எது மனிதனின் மறுப்பு என்று பிரித்துப் பார்க்கிற வேலையை அவர் விடவில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னேன். "கெத்செமனேயிலே அவரே மூணு தரம் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சார். ஒரு தரம்கூடக் கேக்காம சித்தம்னு உக்காந்துட்டா அதுக்குப் பேரு பக்தி இல்லே தம்பி, சோம்பேறித்தனம்" என்றார்கள்.

இந்தக் கதைக்கு அழகான ஒரு முடிவு தயாராகவே இருக்கிறது. மகன் பால் பிராண்ட் 1946-ல் டாக்டராக வேலூருக்கு வந்தார். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல்கள் தேய்வது நோயினால் சதை அழுகி அல்ல, வலி தெரியாமல் போவதனால் ஏற்படும் காயங்களினால் என்று உலகத்துக்கு விளக்கினார். யாரும் விரும்பாத பரிசு என்று வலிக்குப் பெயர் கொடுத்து 1993-ல் ஒரு புஸ்தகமே எழுதினார். கூட எழுதிய பிலிப் யான்சி, கடவுளிடம் ஏற்படுகிற ஏமாற்றத்தைப் பற்றியே 1988-ல் தனியாக ஒரு புஸ்தகம் எழுதியவர். கடவுள் அநியாயம் செய்கிறாரா, மௌனமாக இருக்கிறாரா, ஒளிந்துகொண்டிருக்கிறாரா என்று மூன்று கேள்விகளை அதில் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கிறார். "பார்த்தீர்களா, தகப்பன் போனாலும் மகன் மூலம் எத்தனை ஆயிரம் பேருக்குக் கை கிடைத்தது! எல்லாம் ஒரு திட்டத்தோடுதான்" என்று பிரசங்கத்தை முடித்துவிடலாம்.

டோனாவூரில் குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றியும் இப்படி ஒரு கதை ஞாயிறு பள்ளிகளில் சொல்வார்கள். சிறுமியாக இருந்தபோது தன் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று ஜபித்தாராம். விடிந்து பார்த்தால் அதே பழுப்பு. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் புடவை கட்டிக்கொண்டு ஜனங்களோடு ஜனமாக நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியதாம். குழந்தைகளுக்கு நல்ல கதை. ஆனால் அதே அம்மையார் 1931-ல் கீழே விழுந்து, 1951-ல் இறக்கும்வரை இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். அந்த இருபது வருஷத்துக்குப் பழுப்புக் கண்ணைப்போலச் சுலபமான விளக்கம் கிடைக்காது. கொல்லிமலையிலும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு விரல் நிமிர்ந்தது மெய். அந்த அம்மாள் நாற்பத்தைந்து வருஷம் தனியாக இருந்ததும் மெய். ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடுகட்ட முடியாது.

டீச்சருக்கும் இப்படி ஈடுகட்டப் பார்த்தவர்கள் உண்டு. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் உங்கள் பிள்ளைகள்தானே?" என்பார்கள். ஒரு தடவை பத்து வயதுப் பையனாகிய என்னையே காட்டி, "இதோ எதிர்வீட்டுலயே ஒண்ணு இருக்குதே" என்றார் ஒருவர். டீச்சர் என் தலையைத் தடவிக்கொண்டே, "இவன் அவங்க அம்மா புள்ளைங்க. எனக்கு ரொம்பப் பிரியமான புள்ளை. அது வேற, இது வேற" என்றார்கள். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், அதைவிட மரியாதையான வார்த்தையை என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது. இன்னொன்றுக்குப் பதிலாக அவர்கள் என்னை வைத்துக்கொள்ளவில்லை. நானாகவே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜபம் உண்டு. கணவர்தான் செய்வார். பதினேழு வருஷமாக அந்த ஜபத்தில் ஒரு வரி பிள்ளைக்காக இருந்தது. ஒரு நாள் இரவு அவர் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். "மறந்துட்டாரோன்னு நெனச்சேன். மறுநாளும் சொல்லலே. நானும் ஏன்னு கேக்கலே. அதோட சரி" என்றார்கள் டீச்சர். இரண்டு பேர் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆசை முடிந்த விதம் இவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது.

அவர்கள் சபையில் வருஷக் கடைசியில் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, வேலை கிடைத்தது, நோய் தீர்ந்தது, வீடு கட்டி முடித்தோம் என்று நன்றி சொல்வார்கள். கிடைக்காதவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். கணவர் காலமான வருஷம் டீச்சர் எழுந்து நின்றார்களாம். "நாங்க ஒண்ணே ஒண்ணு கேட்டோம். அது கிடைக்கலே. இப்ப அவரும் இல்லே. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா தினமும் பேசிட்டுத்தான் இருக்கறேன். அதுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்களாம். சபை கொஞ்ச நேரம் அசையவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு கிழவர் "ஆமென்" என்றாராம். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் இரண்டு பேர் எழுந்து, கிடைக்காததைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

இந்தச் சாட்சியை நான் வீட்டில் வந்து சொன்னபோது, அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டதைக் குடுத்த சாமியக் கும்பிடறது என்ன பெரிய காரியம்? நான் கும்பிடறேன், ஊரே கும்பிடுது. குடுக்காத சாமியோட அந்தம்மா சண்டையும் போடாம, உடவும் உடாம இருக்கறாங்க பாரு" என்றாள். சண்டை போடாமல் இல்லை என்பது எனக்குத் தெரியும். எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் இருக்கும் அட்டையை அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் விடவில்லை என்று சொன்னாளே, அது சரிதான்.

டீச்சர் மூன்று வருஷத்துக்கு முன் காலமானார்கள். அலமாரிப் புஸ்தகங்களை எனக்கென்று சொல்லி வைத்திருந்தார்கள். வேதப் புஸ்தகம் மட்டும் உறவினருக்குப் போயிற்று. அட்டை அதற்குள்தான் இருக்க வேண்டும். யாராவது எடுத்து, பழைய வாக்குத்தத்தம் என்று நினைத்து, சரியான பக்கத்தில் திரும்ப வைத்திருப்பார்களோ என்னவோ! வைக்காமல் விட்டிருந்தால் நல்லது. அது இருந்த இடம்தான் அதற்குச் சரியான பக்கம்.